வயிற்றில் கீறல் இல்லாத விமானம்

அப்பாவை எதிரி நாட்டு ராணுவ அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். முட்டி வலிக்கிறது என்றார், வெயில் என்றார், கடைசியில் அந்த நாட்டுக்காரன் மூஞ்சியில் முழிக்கவே மாட்டேன் என்றார். "சண்டை முடிஞ்சு எத்தனை காலமாச்சு! இப்ப டிக்கெட் குடுத்து அவங்களே உள்ள விடுறாங்க. நீங்க ஓட்டின அதே மாடல் நிக்குதாம், வாங்கப்பா" என்று நச்சரித்தேன். நான் பிடித்தால் உடும்புப்பிடி.

என் வீட்டுக்காரருக்கு விமானப் பைத்தியம். எந்த நாட்டில் பழைய போர்விமானம் நின்றாலும் அது எந்த எண், யார் ஓட்டியது என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து, தன்னைப் போன்ற பைத்தியங்கள் கூடியிருக்கும் செல்போன் குழுவில் போடுவார். மாமனார் போர்விமானி என்பதற்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டார் என்று என் தங்கை கேலி செய்வாள்.

அப்பாவின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். எதிரி சுட்டான். சக்கரத்தை இறக்காமலே விமானத்தை வயலில் வயிற்றால் தேய்த்து இறக்கினார். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தன் கையாலேயே கொளுத்தினார். அப்புறம்தான் பிடிபட்டார், போர் முடிந்து கைதிகளை விட்டபோது திரும்பினார். நல்ல நாள் எதுவானாலும் யாராவது கேட்பார்கள், அவரும் சொல்வார். பள்ளிக்கூட மேடையில் அதைச் சொல்லி நானும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கூடத்தின் நடுவில், சுற்றிலும் கயிறு கட்டி, அது நின்றது. பலகையில் 'போரில் கைப்பற்றியது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். புதுப் பெயின்ட் அடித்ததில் பழைய எண் மறைந்துபோயிருந்தது. "பெயின்ட் அடிச்சா விட்டுடுவோமா?" என்று என் வீட்டுக்காரர் காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார். கயிற்றுக்கு அடியில் நுழைந்து தரையில் மல்லாந்து படுத்தேவிட்டார். ஒரு விமானத்தின் சக்கரத்தை மூடுகிற கதவு இன்னொன்றுக்குப் பொருந்தாதாம், அதனால் ஒவ்வொரு கதவின் உள்பக்கத்திலும் அந்த விமானத்தின் எண்ணை அடித்து வைப்பார்களாம்.

சக்கரக் கதவுக்குள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "கிடைச்சிடுச்சு! ரெண்டு, ஏழு, ஒண்ணு, நாலு!"

அப்பாவின் செல்போனைத் திறக்க நான் தட்டுகிற எண் அது. எதற்கு இந்த எண் என்று ஒருமுறை கேட்டதற்கு, "என் வண்டி நம்பரும்மா, மறக்காது" என்று சொல்லியிருந்தார்.

"வயித்துல ஒரு கீறல் இல்ல, ஒரு குண்டு பட்ட ஓட்டை இல்ல" என்றார் என் வீட்டுக்காரர், பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்து. "சக்கரத்த இறக்கி, அவனுங்க ஓடுபாதையிலயே பதவிசா கொண்டுபோய் நிறுத்திக் குடுத்திருக்கான். மாமா, உங்க ஆளுங்க வண்டிதான் இது. யாரோடது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒல்லியோடது" என்றார்.

ஒல்லி, அப்பாவோடு பறந்தவர். அன்றைக்கே செத்துப்போனார், விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தாய் தகப்பன் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. அப்பாவின் அறையில் அவர் படம் இருக்கிறது. அவரைச் சித்தப்பா என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

"அடச்சீ! இவ்வளவு பெரிய தொடைநடுங்கியா அந்த ஆளு? உங்கள மாதிரி கொளுத்திட்டு மாட்டத் துப்பில்ல?"

அப்பா தலையை ஆட்டினார். "ஆமா மாப்பிள்ளை" என்றார்.

கூனிக் குறுகிப்போனேன். அப்பா பயந்து இறங்கியதில் சத்தியமாக எனக்கு வெட்கமில்லை. சின்ன வயசு, உயிர்மேல் ஆசை. இறங்கியதால்தான் பிழைத்தார், அம்மாவைக் கட்டினார், நான் பிறந்தேன். ஆனால் செத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அதற்கு ஆமாம் வேறு போட்டாரே! என் அப்பாவா இது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்காரர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவை வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணாரு?"

மறுக்கவில்லை. நான் கண்டுகொண்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. "அவனுக்குன்னு யாரும் இல்லம்மா" என்றார். "எனக்கு நீ இருக்கியே."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க இருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். "ஒல்லி பேரோட குரூப்புல போட்டுட்டேன்! அதுக்குள்ள ஆளாளுக்கு அவனக் கிழிச்சுத் தோரணம் கட்டுறாங்க, பாரு."

"ஏங்க, அத எடுத்துடுங்களேன்."

"எதுக்கு? கோழைய வேற என்னன்னு சொல்றதாம்? அவன் என்ன நமக்குச் சொந்தமா பந்தமா?"

அப்பாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. உண்மை என் வாய்வரைக்கும் வந்து நின்றது.

"இல்ல" என்றேன்.