சட்டைப் பையில் மெதூசா

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கிரேக்கப் புராண உருவங்கள் பொறித்து வெளியான பன்னிரண்டு நினைவு நாணயங்களையும் சேர்க்க வேண்டும். அதுவும் பல கை மாறித் தேய்ந்து, சில்லறையோடு சில்லறையாக வந்ததாக இருக்க வேண்டும். புத்தம் புதுசாக விலைக்கு வாங்குவதெல்லாம் அவள் கணக்கில் சேர்த்தியே இல்லை. சிறகு முளைத்த குதிரை மருந்துக் கடையில் வந்தது. மாட்டுத்தலை மனிதன் பஸ்ஸில் கிடைத்தான். இப்படிப் பதினொன்று ஆயிற்று. தலையெல்லாம் பாம்பாக நெளியும் மெதூசா மட்டும் நாலு வருஷமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம், தையல் மெஷின் ரிப்பேர்க்காரர் சலவைக்குப் போட்ட சட்டையின் பையில் அவள் கிடந்தாள்.

கடையில் ஒரு வழக்கம். பையில் எது இருந்தாலும் சின்னக் கவரில் போட்டு ஒட்டி, சட்டையோடு ஊசி குத்தி அனுப்ப வேண்டும். அக்கா தன் பர்ஸிலிருந்து அதே மதிப்புள்ள சாதா நாணயத்தை எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினாள். காசுக்குக் காசு, இதில் திருட்டு எங்கே வந்தது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு அப்படியொன்றும் சமாதானமாகவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மெதூசாவை ஆல்பத்தில் செருகினாள்.

இன்று ரிப்பேர்க்காரர் வந்தார். கையில் பிரிக்காத அந்தக் கவர்.

"என்னம்மா நீ, இதைப் போய் திருப்பி அனுப்பிட்டே? மெதூசா ஒண்ணுதான் குறையுதுன்னு அன்னிக்கு சொன்னேல்ல? எனக்குச் சில்லறையில வந்துச்சு. உனக்குன்னுதான் பையில போட்டு விட்டேன். கையில குடுத்தா என்ன சுவாரசியம், நீயா கண்டுபிடிக்கணும்ல!"

"எங்க அக்கா அடுத்தவங்க பொருளைத் தொடவே மாட்டாங்கண்ணே," என்றாள் முதலாளியம்மா பெருமையாக. "பிரிங்கக்கா, நானும் பார்க்கிறேன்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தனக்கென்றே வந்ததையல்லவா திருடியிருக்கிறாள்! "அப்புறம் பிரிக்கிறேனே," என்று இழுத்தாள். முதலாளியம்மாவே வாங்கிப் பிரித்துவிட்டாள். சாதா நாணயம் மேஜையில் விழுந்தது.

ரிப்பேர்க்காரர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "அடக் கடவுளே, காசை மாத்திப் போட்டுட்டேன் போலிருக்கே. ஆசை காட்டி ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோம்மா."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"வீட்ல எங்கேயாவதுதான் இருக்கும். தேடி எடுத்துட்டு வரேன்," என்றார் அவர்.

"மெதுவாத் தேடுங்கண்ணே," என்றாள் அக்கா.