முகப்புப் பக்கத்தில் மச்சான்

"அண்ணே, வெப்சைட்டுல இருந்து உங்க மச்சான் போட்டோவ எடுக்கணும். உங்க போட்டோவையும்தான்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த அன்றே ரோகிணி அக்கா சொல்லியிருந்தார். சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள், அந்தப் படங்களைத் தொடாதே. அக்கா பில் கவுன்டரில் இருப்பவர். நான் வாயைத் திறந்ததும் பில் மெஷின் சத்தம் நின்றுபோனது.

முதலாளி சிவபாண்டி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பழங்காநத்தத்தில் அவருடையது மோட்டார் பம்பு சாமான் கடை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள். கடைத் திறப்பு விழாவுக்கு ரோட்டை அடைத்து ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதை அடித்துக் கொடுத்தவரே வெப்சைட்டும் செய்து கொடுத்திருக்கிறார். எப்படி? அச்சுக்குப் போன அதே ஃப்ளெக்ஸ் படத்தை, ஃபைல் கனத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் தூக்கி முகப்பில் ஒட்டிவிட்டார். நடுவில் அண்ணன், செல்போனில் பேசுகிற மாதிரி. பக்கத்திலேயே அதே உயரத்துக்கு மச்சான் சின்னச்சாமி. கீழே பங்காளிகள், அவரவர் மரியாதைக்கேற்ற அளவில். இத்தனை பேரும் வந்து இறங்கிய பிறகுதான் ஒரு வாஷரின் விலை கண்ணுக்குத் தெரியும்.

"படத்த எடுக்கணுமா? எதுக்குத்தா?"

"பொங்கலுக்குள்ள ஆன்லைன்ல ஆர்டர் வரலேன்னா என்னைய பில்லுக்கு மாத்திருவேன்னு சொன்னீங்கள்ல. அதுக்குத்தான்."

பில் போடுவது கேவலமில்லை. ஆனால் அதற்காக நான் பசுமலைக்கு பஸ் ஏறிப் போய்ப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவனியாபுரத்துப் பட்டறையில் அம்மா கரி படிந்த கையோடு நின்றுதான் அது நடந்தது.

"நம்ம சைட்டு டக்குனு தொறக்குதே சுபா."

"இங்க கடை வைஃபை இருக்கு. அதை அணைச்சுட்டுத் தொறங்க."

அணைத்தார். வட்டம் சுற்றியது. டீ வந்தது. ஒருவர் வந்து பைப்பு வாங்கிப் போனார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என் தலைமுடி மட்டும் தெரியுது."

"மோட்டார் நின்னுபோயி வயக்காட்டுல நிக்கிற ஆளு, உங்க மூஞ்சி இறங்குற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாரா? அடுத்த கடைக்குப் போயிருவாரு. போய்க்கிட்டுத்தான் இருக்காங்க."

அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "பொங்கல் வரைக்கும் எடுத்துப் பாரு. மச்சானுக்குத் தெரியக்கூடாது."

அன்று மதியம் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். முதலில் ஃப்ளெக்ஸ். அப்புறம் திறந்ததும் தானாக ஓடும் திறப்பு விழா வீடியோ. அப்புறம் பங்காளிகள் ஒவ்வொருவராக. தூக்கத் தூக்க உடம்பில் ஏதோ ஏறியது. சாமான் படங்களையெல்லாம் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருக்கினேன். மேலே ஒரு தேடல் கட்டம், பக்கத்தில் கடை போன் நம்பர். அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அம்மாவின் பழைய போனை எடுத்தேன். சோதிக்கத்தான் காலையிலேயே வாங்கி வந்திருந்தேன். திரை கீறல், சிக்னல் ஒற்றைக் கோடு. தொட்டேன். வட்டம் சுற்றக்கூட நேரமில்லை, கெப்பாசிட்டர் விலையோடு வந்து நின்றது. மூடினேன், மறுபடி தொட்டேன். மறுபடியும் வந்து நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அக்கா கேட்டார், "என்னத்தா, பரீட்ச ரிசல்ட்டா?"

"ஆமாக்கா."

"பாஸா?"

"பாஸ்தான்க்கா."

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. கைக்குக் கிடைத்த கடைகளின் வெப்சைட்டையெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வட்டம்.

மறுநாளிலிருந்து கடை போன் ஓயவில்லை. செக்கானூரணிப் பக்கமிருந்து சீனியம்மாள் என்றொரு பெரியம்மா கூப்பிட்டார். "ஏத்தா, படத்துல இருக்குற அந்தக் கெப்பாசிட்டரத்தான் குடுத்துவிடு, வேறயத் தந்து ஏமாத்திராத. நாத்து வாடுது." பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ரோகிணி அக்கா ஒரு காதில் போனோடு பில் அடித்தார். "எம்புட்டு ஆர்டருடி, என் விரலு ஒடியுது" என்று திட்டினார், சிரித்துக்கொண்டே. அண்ணன் டீயோடு வடையும் சொன்னார். பில்லுக்கு மாற்றுகிற பேச்சே எழவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் சின்னச்சாமி மாமா புல்லட்டை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"மாப்ள, என் படம் எங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நேத்து தோட்டத்துல உக்காந்து தொறந்தேன். படக்குனு தொறந்துச்சு. வாஷர் இருக்கு, பைப்பு இருக்கு, என்னையக் காணோம்."

"இதுக்கு முன்னாடி தோட்டத்துல தொறந்திருக்கீங்களா மாமா?" என்றேன்.

"தொறந்தேன். தொறக்கல."

"அப்ப உங்க படத்த அதுல நீங்களே பாத்ததில்ல."

ரோகிணி அக்கா மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினார்.

"உங்க படம் இருந்த வரைக்கும் யாருக்கும் தொறக்கல. எடுத்த பெறகுதான் தொறக்குது. வேணும்னா சின்னதாக்கி, கடேசியில போடுறேன்."

"சின்னதாவா? கடேசிலயா?" மாமாவின் குரல் தெருவரை போனது. "மாப்ள, உன் பங்காளிக்கும் கீழயா நானு? பழைய மாதிரியே போடச் சொல்லு."

"போட்டா உங்களுக்கே தொறக்காது."

"தொறக்காட்டிப் போகுது. உள்ள இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

அண்ணனைப் பார்த்தேன். அவருக்குக் கணக்கு தெரியும், போன் அடிப்பது காதில் கேட்கும். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

"போட்டுருத்தா. வீட்டுல சண்டையாயிரும். நீ பில்லுக்குப் போக வேணாம், கம்ப்யூட்டர்லயே இரு. சம்பளமும் அப்படியே."

எதற்கு இருக்க? திறக்காத ஒன்றுக்குக் காவலாகவா? கோபத்தில் காது சுட்டது. ஆனால் அடியில் அந்த ஷேர் ஆட்டோ சிரிப்பும் இருந்தது. முடிவு அன்றைக்கே எடுத்தாகிவிட்டது, எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

பாஸ்வேர்டை பில் தாளின் பின்பக்கம் எழுதி அண்ணன் முன்னால் வைத்தேன்.

"நீங்களே போட்டுக்கங்கண்ணே. நான் போறேன்."

"வாரேன்னு சொல்லுடி," என்றார் ரோகிணி அக்கா மெதுவாக.

"உங்களப் பாக்க வாரேன்க்கா. இங்கருந்து போறேன்."

பையை எடுத்தேன். கடை போன் அடித்துக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. எதிர்வரிசையில் பூச்சிமருந்து ஸ்பிரேயர் விற்கும் கடை. அன்றைக்கு ஆட்டோவில் அவர்கள் வெப்சைட்டையும் திறந்திருந்தேன். முதலாளி மகளின் காதுகுத்துப் படம் பாதி நெற்றியோடு நின்றுவிட்டது. மாமாவின் புல்லட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.