அரையடி பின்னால்

டீச்சர் ஒத்திகை அறைக்குள் வந்ததும் மாணவர்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அரையடி பின்னால் நகர்ந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து இது நாலாவது தடவை. நாடகப் பள்ளியில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். எவன் வசனத்தை மறந்திருக்கிறான் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இதுகள் எதையோ மறைக்கின்றன என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"என்ன, கூட்டம் போட்டு முடிச்சாச்சா?"

"சும்மா பேசிட்டிருந்தோம் டீச்சர்," என்றான் ஒட்டடைக்குச்சி. பள்ளியில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நாடகத்தில் அரக்க ராஜா வேஷம் அவனுக்கு. அரக்க ராணி மிளகா, டீச்சரின் சொந்த அக்கா மகள். பள்ளிக்குள் சித்தி என்று கூப்பிடக் கூடாது என்பது கண்டிப்பு. தளபதி வேஷம் தூங்குமூஞ்சிக்கு. மலையைப் பந்தாக உருட்டும் குடும்பம் இது. ஆனால் மூவரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கேட்கத் தயங்குகிறவர்கள் மாதிரி வசனம் சொன்னார்கள்.

சனிக்கிழமை நிர்வாகிகள் வந்து பார்க்கப்போகிறார்கள். சொதப்பினால் அடுத்த வருடம் இந்த வகுப்பு புது மாஸ்டர் கைக்குப் போய்விடும். அந்த ஆள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார். பிள்ளைகளை வளைத்துப் போட்டுவிட்டாரோ?

"ஆரம்பிங்க. நூறு தடவை சொல்லியாச்சு, பெரிய வேஷம்கிறது பீரோ தூக்குற மாதிரி. ஒருத்தன் மட்டும் தம் கட்டினா நகராது. ராஜா பெரிசாகும்போது மத்த ரெண்டு பேரும் அரையடி பின்னால போங்க, மூச்சைக் குறைங்க. அப்புறம் அவன் அந்தப் பெரிய இடத்தை ராணிக்குக் கொடுப்பான். யோசிச்சுப் பண்ணாதீங்க, கால் தானா போகணும்."

ஒட்டடைக்குச்சி சிரித்தான். பல்வலிக்காரன் சிரிப்பு.

"தள்ளுடா!" டீச்சரே நடுவில் போய் நின்று சிரித்துக் காட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன.

வியாழக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் அவளிடம் ஒரு சேதி சொன்னார். "பசங்க தினம் இந்த நேரத்துக்கு மாடியில துணி ரூமுக்குப் போறாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"புது மாஸ்டரும் கூடப் போறாரா?"

"அதை நான் கவனிக்கலம்மா."

கவனிக்கவில்லையாம்! எல்லோரும் கூட்டுக் களவாணிகள். மடியில் போட்டு வளர்த்த அக்கா மகளுமா? டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

பாதிப் படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து கிளம்பி கட்டடத்தையே தூக்குகிற சிரிப்பு. அந்த ஆளேதான், சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

சிரித்தது ஒட்டடைக்குச்சி.

அவன் சிரிக்கச் சிரிக்க மற்ற இருவரும் குறுகினார்கள். அப்புறம் அவன் குறுக, மிளகா நிமிர்ந்தாள். அந்த ஒல்லிப் பெண்ணுக்கு அறையின் கூரை போதவில்லை. அவளிடமிருந்து தூங்குமூஞ்சி வாங்கிக்கொண்டான். புது மாஸ்டர் அங்கே இல்லை. தொங்குகிற பழைய உடுப்புகளுக்கு நடுவே மூன்று அரக்கர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை மறந்து கதவைத் தள்ளினாள்.

மூவரும் அரையடி பின்னால் போனார்கள். தோள் விழுந்தது, மூச்சு குறைந்தது.

இந்தத் தடவை அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள். பயந்தவன் கால் இப்படிப் போகாது. இது அவள் மூன்று மாதம் திட்டித் திட்டிப் பழக்கிய அடி.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது சித்தி?" என்றாள் மிளகா. "நீங்க இருந்தா ரூம்ல நீங்கதான் பெரிய ஆளு. நாங்க நெனைக்கறதுக்கு முன்னாடியே கால் போயிடுது. அதான் உங்களுக்குத் தெரியாம..."

சித்தி என்றதற்கு அவள் திட்டவில்லை. "அப்போ சனிக்கிழமை நான் முன்வரிசைல உக்காந்தா?"

கேட்கும்போதே ஒட்டடைக்குச்சியின் கால் அரையடி பின்னால் போனது. பதில் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் அரங்கின் மூடிய கதவுக்கு வெளியே வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் நிர்வாகிகள் பக்கத்தில் புது மாஸ்டர் இருப்பார், ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி தலையாட்டுவார்.

"உள்ள போகலையாம்மா? உங்க பசங்கதானே?" என்றார் வாட்ச்மேன்.

"என் பசங்கதான். அதான் போகல."

கதவுக்குள்ளிருந்து அரக்க ராஜாவின் சிரிப்பு கிளம்பியது. வாட்ச்மேன் தன்னையறியாமல் அரையடி பின்னால் போனார்.

டீச்சர் எழுந்து ஸ்டூலைக் கதவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.