மேட்டில் இறங்கியவள்

அன்று காலை எழுந்ததிலிருந்தே ஒச்சாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டாள். டயரில் காற்றை அமுக்கிப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். வேலம்பாளையம் காலனிப் பெண்களைக் கேரியரில் உட்காரவைத்துப் பனியன் கம்பெனிகளில் கொண்டுபோய் விடுவதுதான் அவள் பிழைப்பு. ஆம்பளை மிதிக்கிற சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனால் காலனி வாய் வலிக்கப் பேசும். பஸ்ஸோ அந்தச் சந்துகளை எட்டிக்கூடப் பார்க்காது. தான் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் பூட்டிய நேரத்தில், புருஷன் விட்டுவிட்டு ஓடிய சைக்கிளை எடுத்து மிதிக்க ஆரம்பித்தவள் அவள். அவன் போட்டதைவிட ஒழுங்காகவே அது சோறு போட்டது.

அந்தச் சோற்றில் மண் அள்ளிப் போட இப்போது ஷேர் ஆட்டோ வந்திருந்தது. பெண்களாகச் சேர்ந்து நெருக்கியடித்து ஏறிக்கொண்டால் யார் என்ன பேசப்போகிறார்கள்? வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாக மாறினார்கள். எதிரே கண்டால் செல்போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். மிச்சம் இருந்தவள் அனுசுயா ஒருத்திதான்.

அவளும் அன்றைக்கு ஆட்டோவில் போவதாகத்தான் இருந்தாள். டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து அடுக்குகிற கைமடி வேலையிலேயே கிடந்தவளுக்கு, அன்றுதான் ஓவர்லாக் மிஷின் கொடுப்பதாகக் காண்ட்ராக்டர் சுப்பண்ணன் சொல்லியிருந்தார். காலைச் சங்கு ஊதும்போது மிஷினில் ஆள் இருக்க வேண்டும்; இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்தவளை உட்காரவைத்துவிடுவார்.

“ஆட்டோக்காரன் ஆளு நெறைஞ்சாத்தேன் எடுப்பான். சங்குக்கு முன்னாடி கொண்டுபோயி விடுறது எம் பொறுப்பு. ஏறுடி” என்று வாக்குக் கொடுத்தாள் ஒச்சாயி.

வாக்குக் கொடுத்தவள் அதோடு விட்டிருக்கலாம். கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், அதே கம்பெனிக்கு ஒரு மூட்டை பனியன் துணி போகணும் என்றார். ஆசை யாரை விட்டது? கேரியரின் பின்பாதியில் மூட்டை, முன்பாதியில் அனுசுயா என்று வண்டி புறப்பட்டது.

சாய ஓடைப் பாலம் தாண்டினால் ஒரு மேடு. அங்கே ஒரு முறை உண்டு. பின்னால் இருப்பவள் இறங்கித் தள்ளுவாள். உச்சிக்கு வந்ததும் ஒச்சாயி ஏறி மிதிப்பாள். தள்ளியவள் ஓடிவந்து குதித்து உட்காருவாள். கேரியர் தொப்பென்று அமுங்கினால் ஆள் ஏறியாச்சு என்று அர்த்தம். ஒச்சாயி திரும்பிப் பார்ப்பதே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

அன்றும் தொப்பென்று அமுங்கியது. பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. லாரி ஹாரனில் அமுங்கிப் போனது. இறக்கத்தில் சைக்கிள் பறந்தது.

“மிஷின்ல உக்காந்ததும் படபடன்னு மிதிக்காத. மொதப் பீஸ மெதுவாத் தையி” என்று வழி நெடுக புத்தி சொல்லிக்கொண்டே மிதித்தாள். பதில் இல்லை. பயத்தில் வாயடைத்துவிட்டது கழுதைக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி கேட்டில் கால் ஊன்றித் திரும்பினால், கேரியரில் மூட்டைதான் முன்பக்கம் சரிந்து அனுசுயாவின் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் மேட்டிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்க் கூட்டிவருவதற்குள் சங்கு ஊதிவிடும். நின்று யோசிக்க நேரமில்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆளில்லாமல் இருந்தது ஒரே ஒரு மிஷின்தான், அனுசுயாவுக்கானது; அதன் பக்கத்தில் இன்னொருத்தி தயாராக நின்றிருந்தாள். மூட்டையைப் போட்டுவிட்டு ஒச்சாயி தடாலென்று போய் உட்காரவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

“ஏனம்மிணி, நீங்க யாருங்க?” என்றார் சுப்பண்ணன்.

“அனுசுயா வாற வரைக்கும் நான் ஓட்டுறேன்யா. வேலை நிக்காது.”

பெடலில் கால் வைத்ததும் மிஷின் உறுமியது. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. வெயில் இல்லை, மேடு இல்லை, எவள் வருவாள் எவள் வரமாட்டாள் என்று சந்துமுனையில் காத்துக் கிடக்கிற அவமானம் இல்லை. சுப்பண்ணன் ஒரு பீஸை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தார்.

“சுத்தமா இருக்குதுங்க. அந்தப் புள்ள கைமடியே பாக்கட்டும். நீங்களே இந்த மிஷினுக்கு வந்துருங்க.”

அப்போதுதான் வாசலில் அனுசுயா வந்து நின்றாள். முகமெல்லாம் புழுதி. வார் அறுந்த செருப்பு கையில். சுப்பண்ணன் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று ஒச்சாயிக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அந்த மிஷின் வேண்டும். அவ்வளவு ஆசையாக இருந்தது. கையிலிருந்த பீஸைத் தைத்து முடித்தாள். இன்னொன்றையும் எடுத்துத் தைத்தாள். அதற்கு அடுத்ததில் கை வைத்தபோது அவள்மேல் அவளுக்கே அருவருப்பாக வந்தது. எழுந்துவிட்டாள்.

“இது அவ மிஷினுய்யா. மேட்டுல விட்டுட்டு வந்தது எந் தப்பு.”

“யாரு ஓட்டுனா என்னங்க, மிஷின் நிக்காம ஓடுனாச் சரி” என்று சுப்பண்ணன் போய்விட்டார்.

அனுசுயா ஒச்சாயியின் முகத்தைப் பார்க்காமலே மிஷினில் உட்கார்ந்தாள்.

இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்த ஒச்சாயி, மறுநாள் வெறும் கேரியரோடு சந்துமுனையில் நின்றாள். ஷேர் ஆட்டோ நிரம்பிக் கிளம்பிப் போனது. அதற்கப்புறம் அனுசுயா வந்தாள்.

“அத்தனை கத்துக் கத்துனேன். வேணும்னே விட்டுட்டுப் போனியாக்கா?”

“இல்லடி. போகும்போது சத்தியமாத் தெரியாது” என்றாள் ஒச்சாயி. அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பொய். “ஆனா நீ வந்து நின்ன பெறகு, எந்திரிக்க எனக்கு மனசு வரல.”

“பாத்தேன். ரெண்டு பீஸ் தச்ச.”

அனுசுயா ஆட்டோ போன பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கேரியரில் உட்கார்ந்தாள்.

மேடு வந்தது. இறங்கித் தள்ளினாள். உச்சியில் ஒச்சாயி ஏறி மிதித்தாள். தொப்பென்று அமுங்கியது. ஒச்சாயி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சைக்கிள் பள்ளத்தைப் பார்த்து ஓடியது.

“நான் இங்கதேன் இருக்கேன்” என்று ஒச்சாயியின் இடுப்புச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள் அனுசுயா. “ரோட்டப் பாருக்கா!”