படுவான்கரைக்குப் போன மைதானம்

பெரியகல்லாறு றகர் (ரக்பி) அணியின் மைதானம் 2023 ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனது. போய்ச்சேர முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. கோல் கம்பங்கள் சாயவில்லை.

அணி தொடங்கியது 2011இல். முதல் ஆட்டக்காரர்கள் எல்லாரும் தோணி தள்ளிப் பழகிய மீனவர்கள். பந்தை ஒழுங்காக எறியத் தெரியாது, ஓட்டமும் பெரிதாக வராது. எட்டுப்பேர் தோளோடு தோள் கோத்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரம் மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அதிலும் ஒரு பிழை இருந்தது. தோணி தள்ளுகிறவன் அது மிதக்கும்வரை கையெடுப்பதில்லை. நடுவர் விசில் ஊதிய பிறகும் இவர்கள் தள்ளிக்கொண்டே நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் எதிரணிக்குத் தண்டனை உதை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு போட்டியும் வெல்லாததற்கு இதுதான் காரணம். எதிரணியும் அசையாத நாட்களில் மைதானம் ஒரு சாண் வாவிப் பக்கமாக நகரும். மறுநாள் வேலியை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவார்கள்.

ஆளைக் குறைத்தது கலியாணம். இந்தப் பக்கத்தில் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் போகவேண்டும். இராசதுரை உட்பட நாலு ஆட்டக்காரர் அக்கரையில் வெல்லாவெளிப் பக்கம் முடித்துப் போய் நெல்மூட்டை சுமந்தார்கள். சனிக்கிழமைகளில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருந்து வந்துசேர, ஆட்டம் முடிந்திருக்கும். தலைவன் உதயரூபனுக்கு வயது முப்பத்தாறு. அக்கரையில் விதுர்ஷாவை அவனுக்குப் பேசி நாலு வருடம். அவன் போனால் அணி இல்லை. ஆவணிக்கு மேல் காத்திருக்க முடியாது, மைதானத்தோடு குடும்பம் நடத்தட்டும் என்று அவள் இராசதுரையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதே கிழமை மாகாணச் சங்கத்திலிருந்தும் கடிதம் வந்தது: இன்னொரு போட்டிக்குப் பதினைந்து பேர் இல்லையென்றால் பெயர் வெட்டப்படும்.

அந்தச் சனிக்கிழமை பாதை பழுது. நாலு பேரும் அக்கரைத் துறையில் நின்றுவிட்டார்கள். நடுவர் இடைவேளை வரை தவணை தர, பதினொரு பேரோடு ஆட்டம் தொடங்கியது. எதிரணி மலைநாட்டிலிருந்து வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் உரல் மாதிரி. முதல் ஸ்க்ரம்மில் அவர்கள் அசையவில்லை, இவர்கள் கையெடுக்கவில்லை. மைதானம் வேலியை அறுத்துக்கொண்டு வாவிக்குள் இறங்கியது. மிதந்ததும் வழக்கப்படி கையெடுத்தார்கள். நடுவர் விசில் ஊதினார், ஆட்டம் தொடர்ந்தது. கச்சான் காற்று எதிரே அடித்தும் வேகம் குறையவில்லை. நடு வாவியில் வலை போட்டிருந்த பேர்னாட் வலையைத் தூக்கி வழிவிட்டார். தண்ணீரில் விழுந்த பந்தை இரண்டு தரம் எடுத்தும் கொடுத்தார்.

இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்க மைதானம் அக்கரையில் தட்டியது.

"என்ன மச்சான், இவ்வளவு சுணங்கிட்டீங்க?" என்றான் இராசதுரை. "வெயிலுக்க நிண்டு மண்டை காயுது."

நாலு பேரும் ஏறினார்கள். நடுவர் எண்ணிப் பார்த்தார், பதினைந்து. போட்டியில் 31–6 என்று தோற்றார்கள். பெயர் வெட்டப்படவில்லை.

பின்னேரம் விதுர்ஷா குடையோடு கரைக்கு வந்தாள். கம்பங்களை மேலும் கீழும் பார்த்தாள். சேறும் வேர்வையுமாக நின்ற உதயரூபனின் காதுபட இராசதுரையிடம் கேட்டாள்:

"சாமானெல்லாம் வந்திட்டு. ஆள் எப்ப வாறாராம்?"

ஆள் ஆவணியில் போனான். இப்போது பெரியகல்லாற்று ஆட்டக்காரர்கள்தான் சனிக்கிழமைகளில் தோணியில் போகிறார்கள். வெல்லாவெளி ஆலையிலிருந்து மூட்டை தூக்கும் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் ஒரு போட்டியாவது வெல்லலாம் என்று இராசதுரை சொல்கிறான். விசிலுக்குக் கையெடுக்க இன்னும் ஒருவரும் பழகவில்லை.

மைதானம் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இறால் நன்றாகப் படுகிறது. மைதானத்தைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு ஊரில் எழவில்லை. பெண் வீட்டுக்குப் போனதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.