சில்லறைக்குத் தைத்த கோட்டு

இறந்து ஒரு வருடம்கூட ஆகாத லாரிக்காரர், ஆண்டுக்கடைசி விடுமுறையன்று காலையில் தன் மனைவியை மறுபடியும் அறைந்தார். இந்தத் தடவை அறைந்தது ஒரு நாயின் முன்னங்கால். மற்றபடி அதே கன்னம், அதே வேகம், அடிக்கு முன்னால் அதே செருமல்.

மனைவி தையற்காரி. அந்த விடுமுறைக்கு நாய்களுக்கு வேஷம் கட்டி ஊர்வலம் விடுவது தெருவின் வழக்கம். பிள்ளைக்குச் சட்டை இல்லாவிட்டாலும் நாய்க்குக் கிரீடம் வேண்டும் என்கிற ஜனங்கள். பொத்தான் வைத்தால் நாய் கடித்துப் பிய்த்துவிடும் என்று, உடையை மாட்டி வயிற்றோரம் நெடுகத் தைத்து மூடிவிடுவார்கள். சாயங்காலம் தையலைப் பிரிப்பார்கள். தெருநெடுக எல்லார் வீட்டு நாய்க்கும் தைத்து முடித்தபோது அவளுடைய சில்லறைக்குத் துணி மிஞ்சவில்லை. சில்லறை என்பது முழங்கால் உயரம்கூட இல்லாத பழுப்பு நாய். புருஷன் அடித்துப் போட்ட நாட்களில் காயத்தை நக்கிக்கொண்டு பக்கத்தில் கிடந்த ஒரே ஜீவன். அதன்மேல் அவளுக்கு உயிர். ஆணியில் தொங்கிய லாரிக்காரரின் கோட்டு கண்ணில் பட்டது. செத்தவன் கோட்டுக்குக் கையா முளைக்கப்போகிறது என்று வெட்டித் தைத்துவிட்டாள். நல்ல துணியை வீணாக்க மனசு வராதது தையற்காரர்களுக்கே உரிய வியாதி.

கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்ததும் சில்லறை பின்னங்கால்களில் எழுந்து நின்றது. செருமியது. அறைந்தது. ஸ்டூலைத் தூக்கி அவள் இடது மணிக்கட்டை உடைத்தது. பிறகு தெருவில் இறங்கி, தேவதை இறகு கட்டியிருந்த பேக்கரிக்காரர் வீட்டு நாயின் காதைக் கடித்துத் துப்பியது. தடுக்க வந்த பேக்கரிக்காரரின் தொடையில் ஒரு கவளம் சதையை எடுத்தது. கிரீடங்களும் இறகுகளும் ரத்தத்தில் மிதிபட்டன. வந்த வேலை முடிந்த மாதிரி அது வீட்டுக்குத் திரும்பி, சாப்பாடு எங்கே என்று கேட்பதுபோல மேஜையை உதைத்தது.

தெருவே இரும்புக் கம்பிகளோடு பின்னால் வந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அலறல் கேட்டபோதெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிய அதே தெருதான். 

"தள்ளுங்கக்கா," என்றார் பேக்கரிக்காரர், தொடையில் துண்டைக் கட்டிக்கொண்டு. "அடிச்சுக் கொன்னாத்தான் சரிப்படும்."

"என் புருஷன் என்னை அடிச்சப்ப ஒருத்தரும் வரலையே தம்பி?"

"அது குடும்ப விஷயம்க்கா. இது நாய்க்கடி."

சில்லறையைக் கொன்றுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "கொஞ்சம் பொறுங்க, பிரிச்சுடறேன்," என்று கத்தரிக்கோலோடு பாய்ந்து, உடைந்த கையால் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு தையலும் அறுபடும்போது கோட்டிலிருந்து ரத்தம் பீறிட்டது. கோட்டு நாயின் பல்லால் அவள் தோளை எலும்புவரை கடித்தது. அவள் பிடியை விடவில்லை. உள்ளேயிருந்து சின்னதாய் ஒரு முனகல் கேட்டது. "அழாதடா கண்ணு, இதோ வந்துட்டேன்," என்றாள். கடைசி நூலும் அறுந்ததும் சில்லறை நனைந்த குட்டிபோல வழுக்கி விழுந்து, தையல் மெஷினுக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

கோட்டு விழவில்லை. நின்றது. நின்றபடியே ஓர் ஆள் அளவுக்கு ஊதிப் பெருத்து, வலது கையை ஓங்கியது.

தெருவினருக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரர் கம்பியைச் சுவரோரம் சாய்த்தார். "அட, அண்ணனா!" என்றார். "புருஷன் பொண்டாட்டி நடுவுல நமக்கென்னக்கா வேலை?" ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாகப் போனவர் மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டும் போனார்.

சுவரில் சாய்த்த கம்பி அங்கேயே இருந்தது. அவள் அதை நல்ல கையால் எடுத்தாள். அன்று அந்த வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்டது ஆண் குரல் அலறல். முதலில் தோள்பட்டை நொறுங்கியது, பிறகு விலா. அடிக்க அடிக்க ரத்தம் வந்தது, ரத்தம் நின்றபின் டீசல் வாடை வந்தது, அதற்குப் பிறகு வெறும் தூசு. வெறும் துணியான பிறகும் கொஞ்ச நேரம் அடித்தாள். குடும்ப விஷயம் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கோட்டு இப்போது தையல்கடை வாசலில் மிதியடியாகக் கிடக்கிறது. சில்லறை மட்டும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் போகும். கால் வைத்தால் கோட்டு சில நாள் முனகும். வாடிக்கையாளர்கள் இன்னும் இரண்டு தேய் தேய்த்துவிட்டு, அளவு கொடுக்க உள்ளே போகிறார்கள்.