கொதிக்க வைத்த தாய்ப்பால்

என் மருமகனுக்கு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை. கத்தியும் கத்தரியும் இடுக்கியும் அவர் கையில் நீராவியில் வெந்த பின்னரே அறுவை அறைக்குள் நுழையும். அந்த வேலையை அவர் வீட்டுக்குள்ளும் இழுத்து வந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

என் மகளுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அது வயிற்றைக் கலக்கவே, குடலைச் சீராக்கும் புரோபயாடிக் காப்ஸ்யூலும் எழுதித் தந்தார். காலையில் அவள் அதை விழுங்கிய பிறகுதான் மருமகன் அட்டையைப் பார்த்தார். 'உயிருள்ள நுண்ணுயிரிகள்' என்று அதில் அச்சிட்டிருந்தது.

"உயிரோட இருக்கற கிருமிய முழுங்கிட்டுப் புள்ளைக்குப் பால் குடுப்பியா? பம்ப்ல எடுத்துக் குடு. கொதிக்க வெச்சுத் தரேன்."

எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல், அட்டைமேல் இருந்த இரண்டு சொற்களுக்குத் தாமே தீர்ப்பு வழங்கிவிட்டார்! காய்ச்சலில் கிடந்த மகளுக்கு வாதாட வலுவில்லை. பால் பொங்கியது, ஆறியது, புட்டியில் இறங்கியது. என் பேத்தி சிட்டு ஒரு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நண்பகலுக்குள் அவள் அழுது ஓய்ந்துவிட்டாள். அழுகையைக் காட்டிலும் அந்த ஓய்வுதான் என்னை மருமகனிடம் போய் நிற்கவைத்தது.

"மாப்பிள்ளை, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"லைன் கிடைக்கல மாமா. உங்களுக்குத் தெரியாது. சரியா வேகாத ஒரு இடுக்கி போதும். அதுக்கப்புறம் நடந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன்."

வாயருகே வந்த வசவை விழுங்கிக்கொண்டேன்.

உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, மாரு கல்லு மாதிரி இருக்கு. பம்ப்ல ஒரு சொட்டும் வரமாட்டேங்குது."

சுவரைப் பிடித்தபடி வந்து சிட்டுவுக்காகக் கை நீட்டினாள். மருமகன் குறுக்கே நின்றார்.

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

"இவ்வளவு நேரம் கேட்டேன். இப்போ நீங்க கேளுங்க." கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தாள். இரண்டாம் முறை மருத்துவர் எடுத்தார். காப்ஸ்யூலைப் பற்றிய பயத்தை மகள் சொன்னாள்.

"நிறைமாசக் குழந்தைதானே? வேற எந்தக் கோளாறும் இல்லையே?"

"இல்லை டாக்டர்."

"அப்புறம் என்ன பயம்? அது குடலோட நின்னுடும். பாலுக்குப் போறது அபூர்வம். குறைமாசக் குழந்தைன்னா நானே யோசிச்சிருப்பேன். பாலை நிறுத்தினாத்தான் வம்பு, சீழ் கட்டிடும். உடனே புள்ளைய மார்ல போடுங்க. குடிக்காமச் சோர்ந்து கிடந்தா, யோசிக்காமத் தூக்கிட்டு வாங்க."

மருமகன் விலகினார். மகள் தரையிலேயே உட்கார்ந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள். சிட்டுவின் உதடு பட்டது, நழுவியது. மீண்டும் பட்டது, மீண்டும் நழுவியது. மருமகன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். நான் வாசற்கதவைத் திறக்கத் திரும்பினேன்.

அப்போது மகள் வலி தாங்காமல் "ஆ!" என்றாள். அதைத் தொடர்ந்து 'மடக்', 'மடக்' என்று விழுங்கும் ஓசை எழுந்தது. மருமகன் கதவோரம் சரிந்து உட்கார்ந்தார். சாவி இன்னும் அவர் கைக்குள்ளேயே இருந்தது.

மாலையில் அடுத்த காப்ஸ்யூலுக்கு வேளை வந்தது. அவரே எடுத்துக் கொடுத்து, தண்ணீரையும் நீட்டினார். மகள் குவளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன, இதைக் கொதிக்க வைக்கலையா?"

"வெச்சேன். நல்லா ஆறின பிறகுதான் கொண்டு வந்தேன்." அவர் தலை நிமிரவில்லை. "சூட்டோட குடிச்சா அதெல்லாம் செத்துப்போயிடும்ல?"